முட்டுக்கட்டை போடுகிறவரைத் திட்டாதீர்கள்!

காஞ்சிபுரத்தில் தேர் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா?

வைகாசி மாதத்தில் வரதராசப் பெருமாள் கோவில் தேர் ஓடும். பங்குனியில் ஏகாம்பரநாதர் கோவில் தேர் ஓடும். வடம் பிடிக்க ஊரே திரண்டு நிற்கும். எல்லாருடைய கண்ணும் தேரின் மேலேதான் இருக்கும். சாமியைப் பார்ப்பார்கள். அலங்காரத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு சிலர் மட்டும் மேலே பார்ப்பது இல்லை. குனிந்தபடியே தேரோடு நடப்பார்கள். அவர்கள் பார்ப்பது சக்கரத்தை! கையில் ஒரு கட்டை இருக்கும். தேர் வேகமாக ஓடினால், சக்கரத்தின் அடியில் கட்டையைப் போடுவார்கள். தேர் நிற்கும். தெரு முனையில் தேரைத் திருப்புவதற்கும் அந்தக் கட்டைதான் வேண்டும்.

அதற்குப் பெயர் முட்டுக்கட்டை.

ஆனால் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லை நாம் எப்படிச் சொல்கிறோம்? "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்" என்று திட்டுகிறோம். இது நியாயமா? முட்டுக்கட்டை போட ஆள் இல்லாவிட்டால், தேர் திண்ணையில் ஏறிவிடும்!

ஆகாய விமானத்துக்கும் சக்கரம் உண்டு. விமானம் தரையில் நிற்கும்போது, அந்தச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். அதுவும் முட்டுக்கட்டைதான்! அந்தக் கட்டையை எடுக்கலாமா, கூடாதா என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். "இன்று பறக்க வேண்டாம்" என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு வேண்டும். அந்த ஆளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நமக்கு என்ன?

"காஞ்சிபுரத்தில் விமான நிலையமே இல்லை. பட்டு நெய்கிறவனுக்கு விமானச் சக்கரம் எதற்கு? அதிலும், தனி ஆள் வைத்திருக்கும் சிறு விமானம் என்றால், அது பணக்காரர் சமாசாரம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம்.

காஞ்சிபுரத்தில் இருந்து சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் அரக்கோணம் இருக்கிறது. அங்கே 1992-ம் ஆண்டு முதல் "ராஜாளி" என்ற கடற்படை விமான தளம் இயங்குகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் புதிய விமான நிலையம் கட்டப் போவதாக, 2022-ம் ஆண்டில் அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் மக்கள் "நிலம் தரமாட்டோம்" என்று போராடினார்கள். அந்த வழக்கு வேறு. அதை இங்கே பேசவில்லை. நான் சொல்வது இதுதான்: விமானம் நமக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. அது நம் கூரைக்கு மேலே பறக்கிறது.

சிறு விமானம் பணக்காரருக்கு மட்டும் உரியதும் அல்ல. உயிருக்குப் போராடும் நோயாளியை ஊர் விட்டு ஊர் கொண்டு போவது சிறு விமானம். நம் வீட்டுப் பிள்ளை விமானி ஆக விரும்பினால், முதலில் ஓட்டிப் பழகுவதும் சிறு விமானத்தில்தான்.

நாகபுரியில் கழன்ற சக்கரம்

2021-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி. கொரோனா நாட்டை உலுக்கிக்கொண்டு இருந்த நேரம்.

வங்காளத்தின் வடக்கே உள்ள பாக்டோக்ராவில் இருந்து, ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு சிறு விமானம் ஒன்று பம்பாய்க்குப் புறப்பட்டது. அது இரண்டு எஞ்சின் கொண்ட "பீச்கிராப்ட்" விமானம். வழியில் நாகபுரியில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டது.

நாகபுரியில் இருந்து அது மேலே எழும்பியபோது, சக்கரம் ஒன்று கழன்று கீழே விழுந்தது!

தரையில் காவலுக்கு நின்ற மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் அதைக் கண்டார். உடனே தகவல் கொடுத்தார். "உங்கள் சக்கரம் கழன்றுவிட்டது" என்று விமானிக்குச் செய்தி போயிற்று.

விமானி கேசரி சிங் பதறவில்லை. பம்பாய் வரை பறந்தார். பம்பாய் விமான நிலையத்தில் ஓடுபாதையில் நுரை தெளித்து வைத்தார்கள். தீயணைப்பு வண்டிகள் தயாராக நின்றன. ஒரு பக்கம் சக்கரம் இருந்து, மறு பக்கம் இல்லாமல் இறங்கினால், விமானம் ஒரு புறமாகச் சாய்ந்து சுழலும். ஆகவே விமானி மற்றக் கால்களையும் இறக்கவில்லை. இரவு 9 மணி அளவில், விமானத்தின் வயிறு தரையில் உராயும்படி இறக்கினார். உள்ளே இருந்த ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

நாடே விமானியைப் பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் காவலுக்கு நின்ற அந்த வீரரை எத்தனை பேர் நினைத்தார்கள்? அவர் கண் சக்கரத்தின் மேல் இருந்தது. அதனால்தான் விமானிக்கு விஷயம் தெரிந்தது. தெரியாமல் இறங்கி இருந்தால் என்ன ஆகி இருக்கும்?

விமானத்தின் கால்

விமானத்தின் காலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

சிறு விமானங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கால் மடங்காத விமானம். "செஸ்னா 172" என்ற விமானம் அந்த வகை. அது 1955-ம் ஆண்டில் முதன் முதலாகப் பறந்தது. இதுவரை 40 ஆயிரத்துக்கும் மேல் செய்து விற்று இருக்கிறார்கள். விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் பழகுகிறார்கள்.

மற்றொன்று, கால் மடங்கும் விமானம். மேலே எழும்பியதும், பறவையைப் போலக் காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏன் மடக்க வேண்டும்? மொட்டை மாடியில் புடவையைக் காயப் போட்டுப் பாருங்கள். காற்று அதை எப்படி இழுக்கிறது! கால் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால், விமானத்தையும் காற்று அப்படிப் பின்னால் இழுக்கும். வேகம் குறையும். எரிபொருள் செலவு கூடும்.

காலை மடக்கவும் நீட்டவும் மின்சார மோட்டார் இருக்கும். அல்லது, குழாய்களில் அழுத்தத்துடன் ஓடும் எண்ணெய் இருக்கும். மூன்று கால்களும் நீண்டு பூட்டிக்கொண்டால், விமானியின் முன்னால் மூன்று பச்சை விளக்குகள் எரியும். ஒரு விளக்கு எரியாவிட்டாலும் ஆபத்து என்று பொருள். மோட்டாரோ எண்ணெயோ வேலை செய்யாவிட்டால், கையால் பம்பு அடித்துக் காலை இறக்க வழி உண்டு. சில விமானங்களில் பூட்டைத் திறந்துவிட்டால், கால் தன் கனத்தால் தானே கீழே இறங்கும்.

காலுக்குள் எண்ணெயும் வாயுவும் அடைத்து வைத்து இருப்பார்கள். தரையில் இடிக்கும்போது, அந்த அதிர்ச்சியை அவை தாங்கிக்கொள்ளும்.

இத்தனை ஏற்பாடும் ஒழுங்காக இருந்தால்தான் கால் கால்! இல்லாவிட்டால் வெறும் இரும்பு!

சின்னக் கோளாறு, பெரிய ஆபத்து

"ஒரு ஆணி போனால் என்ன? ஒரு பல்பு போனால் என்ன?" என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். பெரிய விமானங்களில் நடந்த இரண்டு சம்பவங்களைக் கேளுங்கள்.

1972-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி. அமெரிக்காவில் மியாமி நகருக்கு ஒரு விமானம் வந்தது. அதில் 176 பேர் இருந்தார்கள். இறங்கும் நேரத்தில், மூக்குச் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. விமானிகள் எல்லாரும் அந்த விளக்கையே ஆராய்ந்துகொண்டு இருந்தார்கள். விமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை ஒருவரும் கவனிக்கவில்லை. அது சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் மாண்டார்கள்.

சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கி இருந்தது! கெட்டுப் போனது பல்பு மட்டும்!

இன்னொரு சம்பவம். 2011-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. அமெரிக்காவில் இருந்து போலந்து நாட்டின் வார்சா நகருக்கு 231 பேருடன் ஒரு விமானம் வந்தது. எண்ணெய் ஒழுகிவிட்டது. மாற்று வழியிலும் கால் இறங்கவில்லை. விமானி வயிற்றால் இறக்கினார். எல்லாரும் பிழைத்தார்கள். பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு சிறு சுவிட்சு வெளியே தள்ளிக்கொண்டு இருந்தது. அதை உள்ளே அழுத்தினார்கள். கால்கள் ஒழுங்காக இறங்கின!

ஒரு பல்பு. ஒரு சுவிட்சு. இவ்வளவுதான்!

இதை மற்றவர்களைவிடக் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு நன்றாகத் தெரியும். ஒரு பட்டுப் புடவையின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு இழை அறுந்தால் என்ன செய்கிறார்? "ஒன்றுதானே போயிற்று" என்று தொடர்ந்து நெய்கிறாரா? இல்லை. தறியை நிறுத்துகிறார். இழையை முடிகிறார். அதன் பிறகுதான் நாடாவைத் தொடுகிறார். நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல நெசவாளி!

ஆயுத பூஜை அன்று

2024-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. அன்று ஆயுத பூஜை. தமிழ்நாடு முழுவதும் தறிக்கும், லாரிக்கும், சைக்கிளுக்கும் சந்தனம் தெளித்துக் குங்குமப் பொட்டு வைத்தார்கள்.

அன்று மாலை திருச்சியில் இருந்து சார்ஜாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் புறப்பட்டது. உள்ளே 140 பேருக்கு மேல். எழும்பிய சிறிது நேரத்தில், எண்ணெய் அழுத்தத்தில் கோளாறு என்று தெரிந்தது. விமானம் நிறைய எரிபொருள் இருந்தது. அந்தக் கனத்தோடு இறங்கினால் ஆபத்து. ஆகவே சுமார் இரண்டரை மணி நேரம் வானத்திலேயே வட்டம் அடித்தது. டெலிவிஷன் முன்னால் தமிழ்நாடே உட்கார்ந்து இருந்தது. கீழே ஆம்புலன்சுகளும், தீயணைப்பு வண்டிகளும் காத்து நின்றன. இரவு 8 மணிக்குப் பிறகு விமானம் தன் சக்கரத்தில் ஒழுங்காக இறங்கியது. எல்லாரும் நலம்.

பூஜை போடுவதை நான் குறை சொல்லவில்லை. கருவியை வணங்குவது நல்ல பழக்கம். ஆனால் ஆயுத பூஜை ஆண்டுக்கு ஒரு நாள். எந்திரத்துக்குத் தினமும் ஒரு பூஜை வேண்டும். துணியால் துடைத்து, விளக்கு அடித்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, எண்ணெய் போடுவதுதான் அந்தப் பூஜை!

தினப் பூஜை எப்படி?

சிறு விமானத்தின் காலை எப்படிப் பராமரிக்கிறார்கள்?

பறப்பதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் விமானி சுற்றி வந்து பார்க்க வேண்டும். டயரில் வெட்டு இருக்கிறதா, காற்று சரியாக இருக்கிறதா, காலில் எண்ணெய் கசிகிறதா, பிரேக் தேய்ந்து இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

குறிப்பிட்ட மணி நேரம் பறந்த பிறகு, எஞ்சினீயர் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கைத் துடைத்து, புதுக் கிரீஸ் வைப்பார். போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, காலைப் பல முறை மடக்கி நீட்டிப் பார்ப்பார். விளக்கு எரிகிறதா, எச்சரிக்கை ஒலி கேட்கிறதா என்று சோதிப்பார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் பறக்கக் கூடாது. அது சட்டம்.

ஒரு விஷயம் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அடிக்கடி பறக்கும் விமானத்தைவிட, சும்மா நிற்கும் விமானத்தில்தான் பயம் அதிகம்! மாதக் கணக்கில் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகும். ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும். இரும்பு துருப் பிடிக்கும். மழைக் காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறி, வேலை நின்று போவதை நீங்கள் பார்த்து இருக்கிறீர்கள். வெயில் வந்ததும் உடனே உட்கார்ந்து நெய்துவிட முடியுமா? அதைப் போலத்தான். நினைத்தபோது மட்டும் பறக்கும் தனியார் விமானத்துக்குக் கவனிப்பு அதிகம் வேண்டும்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்று சொல்வதும் ஆபத்து. 1935-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் புதிய விமானம் ஒன்று எழும்பியதும் விழுந்தது. இரண்டு பேர் மாண்டார்கள். ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. விமானத்திலும் கோளாறு இல்லை. தரையில் நிற்கும்போது போட்டு வைக்கும் ஒரு பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள்! அதன் பிறகுதான், செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு அட்டையில் எழுதி வைத்து, வரிசையாகப் படித்துச் சரிபார்க்கும் பழக்கம் பரவியது. கெட்டிக்காரனுக்கும் அட்டை வேண்டும்!

அவசரமே எமன்

இனி என் கருத்தைச் சொல்கிறேன்.

பராமரிப்புக்கு முதல் எதிரி அறியாமை அல்ல, அவசரம்தான்! "முதலாளி காத்துக்கொண்டு இருக்கிறார்." "இன்று ஒரு நாள் ஓட்டிவிடலாம்." "போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்." இந்த மூன்று வாக்கியங்களும் மிகவும் ஆபத்தானவை.

எஞ்சினீயர் "வேண்டாம்" என்கிறார். சொந்தக்காரருக்கு முகம் சுளிக்கிறது. "இந்த ஆள் எப்போதும் முட்டுக்கட்டைதான்" என்கிறார். அடுத்த முறை அந்த எஞ்சினீயர் சொல்லத் தயங்குவார். அதற்கும் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். அன்றே ஆபத்துக்கு வாசல் திறந்துவிட்டது!

செலவு மிச்சம் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. கால் இறங்காமல் விமானம் வயிற்றால் உராய்ந்தால், சுழலும் இறக்கை தரையில் அடிபடும். இறக்கை போய்விடும். எஞ்சினையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் வளையத்தில் மிச்சம் பிடித்த காசைவிடப் பல மடங்கு போய்விடும். உயிர் போனால் எந்தப் பணத்தாலும் திரும்பாது.

ஆகவே நான்கு காரியங்கள் நடக்க வேண்டும் என்பேன்.

ஒன்று: "இன்று பறக்கக் கூடாது" என்று சொன்னவரை அதற்காக வேலையை விட்டு விலக்கக் கூடாது. அவர் சொன்னது பிறகு தேவையற்ற பயம் என்று தெரிந்தாலும் சரி!

இரண்டு: "நான் ஒரு போல்ட்டை இறுக்க மறந்துவிட்டேன்" என்று தானாக வந்து சொல்கிறவரைத் தண்டிக்கக் கூடாது. தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார். மறைத்தவரைத்தான் தண்டிக்க வேண்டும்.

மூன்று: விபத்து நடந்தால், காரணம் என்ன என்று ஆராய மத்திய அரசில் தனி அமைப்பு இருக்கிறது. அதன் அறிக்கைகளின் சுருக்கம், தமிழிலும் மற்ற மொழிகளிலும் எளிய நடையில் வர வேண்டும். லாரி மெக்கானிக்கும் படிக்க வேண்டும். தறி மேஸ்திரியும் படிக்க வேண்டும். பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

நான்கு: விமானியைப் பாராட்டும் மேடையில், விமானத்தைப் பார்த்துக்கொண்டவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

"பெரியவன் ஆனால் என்ன ஆவாய்?" என்று கேட்டால், "விமானி ஆவேன்" என்று பல பிள்ளைகள் சொல்கிறார்கள். "விமானத்தைப் பழுது பார்ப்பேன்" என்று சொல்லும் பிள்ளையைக் காண்பது அரிது. கையில் கிரீஸ் படும் வேலை என்றால், பெற்றோருக்கும் இளக்காரம்.

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், சென்னை குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் படித்தார். விமானப் படையில் விமானி ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தேர்வுக்குப் போனார். எட்டுப் பேரை எடுத்தார்கள். அவர் ஒன்பதாவது ஆள்! விமானி ஆக முடியவில்லை. எந்திரங்களை உருவாக்கும் வேலைக்குப் போனார். பிறகு நாட்டின் ஜனாதிபதியாகவே ஆனார். ஓட்டுகிற கைக்கு உள்ள பெருமை, எந்திரத்தை அறிந்த கைக்கும் உண்டு.

விமானத்தோடு இது முடியவில்லை. உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வேனுக்கும் டயர் இருக்கிறது. அதை யார் பார்க்கிறார்கள்? வீட்டில் காஸ் அடுப்பின் ரப்பர் குழாய் எத்தனை வருடம் ஆயிற்று? டிரைவர் "பிரேக் சரியில்லை, இன்று வண்டி எடுக்க மாட்டேன்" என்று சொன்னால், "சோம்பேறி" என்று திட்டுகிறோமா? நன்றி சொல்கிறோமா?

அவர் நம் பயணத்தைக் கெடுக்கவில்லை. நம்மை வீட்டுக்குத் திரும்பக் கொண்டு சேர்க்கிறார்.

வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். முட்டுக்கட்டை போட நாலு பேர்தான் வருவார்கள். அந்த நாலு பேர் இருப்பதால்தான், தேர் பத்திரமாக நிலைக்கு வந்து சேருகிறது!